பிடுங்கிய மிட்டாய்

யோங்யாங்
ஆகஸ்ட் 20, 1997

இன்சுக்,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் விருந்து முடிந்து மூன்று நாளாகிறது. இன்னும் மிளகாய்த் தோட்டத்துக்குப் போகும் வழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். நேற்று மளிகைக் கடைக்காரி கேட்டாள், "என்ன சுனே, தங்கச்சி பூசானுக்குப் பத்திரமாப் போய்ச் சேர்ந்தாளா? பஸ்ஸிலயாவது நேரா உட்கார்ந்திருந்தாளா?" நான் சிரித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது?

அப்பாவுக்கு முன்னால் வைத்த அந்த மேஜையை அடுக்க எனக்கும் பெரியம்மாவுக்கும் முந்தின நாள் முழுக்கப் பிடித்தது. பேரீச்சை, கஷ்கொட்டை, அரிசிப் பலகாரம், சிவப்புக் கோடு போட்ட மிட்டாய் என்று ஒவ்வொன்றையும் முழங்கை உயரத்துக்குக் கோபுரமாக ஒட்டி நிறுத்தினோம். எல்லோரும் அப்பாவை விழுந்து வணங்கி, போட்டோ எடுத்து முடிக்கும்வரை அதில் ஒரு பருப்பைக்கூட யாரும் தொடக்கூடாது. இது உனக்குத் தெரியாதா? டேகூவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம் தரையில் நெற்றி வைத்திருக்கும்போது, கயிற்றை அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டி மாதிரி எழுந்து போய் மிட்டாய்க் கோபுரத்தில் கை வைத்தாய். மொத்தமும் அப்பா மடியில் சரிந்தது. நான் கையைப் பிடித்தால், என் மாமியார் பார்க்க, "விடுடி" என்றாய். என் வீட்டுக்காரரிடம், "உங்க போட்டோவைத் தூக்கி அடுப்புல போடுங்க" என்றாய். அப்பா சாப்பிடக் கரண்டியைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய்.

உன் நோயைக் காரணம் காட்டாதே. இனிப்பு உனக்கு விஷம் என்று சொல்லித்தான் அம்மா உன்னைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்தாள். விஷத்தை நீயே அள்ளி வாயில் போட்டுக்கொள்வாய், தடுத்த அக்கா கெட்டவளா?

சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு முன் வந்து அப்பா காலிலும் என் மாமியார் காலிலும் விழு. அதுவரை போன் செய்யாதே. உன் குரல் கேட்டால் வைத்துவிடுவேன்.

சுனே


பூசான்
ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

"விடுடி" என்று சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தால் அந்த விருந்தில் நான் பேசிய உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். மண்டப வாசலிலேயே என் பையை வாங்கி அத்தானின் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினாய். "மாமியார் கண்ணுல ஊசி பட்டுதுன்னா என் கதை முடிஞ்சுது" என்றாய். மருந்து நிரப்பிய ஊசியை மட்டும் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்து, "கழிப்பறைல போட்டுக்கோ" என்றாய். நானும் திருடி மாதிரி போய்ப் போட்டுக்கொண்டேன். ஏன் அப்போது போட்டேன்? "இதோ சாப்பாடு வந்துடுச்சு" என்று நீதான் சொன்னாய். சாப்பாடு வரவில்லை. டேகூக்காரர்களுக்காகக் காத்திருந்தோம். பிறகு வணக்கம். பிறகு பெரியம்மாவின் பாட்டு. பிறகு போட்டோக்காரர் விளக்கை மாற்றினார். மருந்து உள்ளே போய்விட்டால், போட்டோ முடிந்ததா என்று கேட்டுக்கொண்டு அது வாசலில் நிற்காது, அக்கா. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை அது இறக்கிக்கொண்டே போகும்.

நான் உன் காதில் சொன்னேன். "அக்கா, இறங்குது. பையிலிருந்து மிட்டாய் வேணும்." நீ என் முகத்தைப் பார்க்காமலே, "போட்டோ முடியட்டும், பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்காரு" என்றாய். பல்லைக் கடிக்கத்தான் பார்த்தேன். உதடு மரத்துப்போயிருந்தது. உள்ளாடைவரை வியர்த்திருந்தது. அப்பாவுக்கு இரண்டு தலை தெரிந்தது. பெரியம்மா தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் யாரைப் பார்த்தாலும் ஆத்திரம் வரும், காரணம் வேண்டியதில்லை. எனக்கு எதிரே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், முழங்கை உயரத்துக்கு மிட்டாய். உலகத்தில் எனக்குத் தேவையான ஒரே மருந்து அதுதான். எடுத்து வாயில் வைத்தேன். நீ என் தாடையைப் பிடித்து அதை வெளியே பிடுங்கினாய்.

ஆமாம், இனிப்பு எனக்கு ஆகாது. ஏறும்போது ஆகாது. இறங்கும்போது அதுதான் உயிர். இருபத்தொரு வருடம் இந்த நோயோடு இருக்கிற ஒருத்தியிடம், "உனக்கு என்னடி செய்யுது?" என்று நீ ஒரு தடவையாவது கேட்டிருந்தால் இது உனக்குத் தெரிந்திருக்கும்.

நடைவழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கூடத்துக் கல்யாணத்துக்கு வந்த யாரோ ஒருவர், "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க, என்ன வேணும்?" என்றார். "இனிப்பா ஏதாவது" என்றேன். மெஷினில் காசு போட்டு, சர்க்கரை தூக்கலாக இருக்கும் பால் காபி இரண்டு கோப்பை வாங்கித் தந்தார். பேர்கூடத் தெரியாது. கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் கூடத்துக்குத் திரும்பி வந்தேன். நம்புவாயா? கதவருகில் வந்தபோது உன் குரல் கேட்டது. "பூசான்ல குடிக்கப் பழகிட்டா. கல்யாணம் ஆகாம தனியா இருக்கிற பொண்ணு, யாரு கேட்கிறது?"

என் நோயைவிட என்னைக் குடிகாரி என்று சொல்வது உனக்குக் கௌரவமாக இருந்திருக்கிறது. அத்தானிடம் சாவி கேட்டேன். டிக்கியைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பஸ் ஏறினேன்.

அப்பா காலில் எப்போது வேண்டுமானாலும் விழுவேன். உன் மாமியார் காலில் விழ எனக்கு ஒரு காரணமும் இல்லை.

இன்சுக்


யோங்யாங்
ஆகஸ்ட் 30

இன்சுக்,

பெரிய வக்கீல் மாதிரி எழுதியிருக்கிறாய். நான் ஏன் குடி என்று சொன்னேன் தெரியுமா? குடித்தவளை ஊர் ஒரு மாதம் பேசிவிட்டு மறந்துவிடும். நோய் என்று தெரிந்தால் என் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது, "அந்த வீட்டு ரத்தத்துல இருக்கு" என்பார்கள். பதினெட்டு வருடத்துக்கு முன் எனக்கு வரன் பேசியபோது அம்மாதான் மறைத்தாள். நான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். நீ பூசானில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு தனியாக இருக்கிறாய். மாமியாரோடு ஒரே சமையலறையில் நின்று பார், தெரியும்.

உன்னிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்கிறாய். நீ செய்த காரியத்துக்குப் பிறகு அப்பா என்ன ஆகியிருக்கிறார் என்று நீ கேட்டாயா? அவர் பழைய அப்பாவே இல்லை. விடிந்ததும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மிளகாய்த் தோட்டத்துக்குப் போகிறார். சுகாதார நிலையத்தில் வயதானவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்களே, சர்க்கரைக்கு, ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, அதுதான். இந்த மாதம் ஆரம்பித்தது, உனக்கு எழுதவில்லை, மாமியாருக்கும் சொல்லவில்லை. வெயில் ஏறுவதற்குள் யாரிடமாவது சண்டை. யாரிடம் தெரியுமா? நாற்பது வருடம் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுத்த பக்கத்துத் தோட்டத்துப் போங் மாமாவை "திருடா" என்கிறார். நான் கஞ்சி எடுத்துப்போனால் என்னைச் செத்துப்போன அம்மாவின் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். குளிர்ந்த காற்றில் சட்டை பிழியும்படி வியர்த்து நிற்கிறார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் படுத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன கிழமை?" என்கிறார்.

ஊர் முன்னால் அவர் மடியில் கோபுரத்தைச் சரித்தாய். அந்த அவமானம் அவர் மூளையைத் தாக்கிவிட்டது. இதற்கும் ஏதாவது காரணம் வைத்திருப்பாய். எழுது, படிக்கிறேன்.

சுனே


பூசான்
செப்டம்பர் 2, அவசரத் தபால்

அக்கா,

நாலு தடவை போன் செய்தேன். குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அப்பா போனை எடுக்கவே இல்லை. ஊர்த் தலைவர் வீட்டுக்குச் செய்தேன், "அறுவடை நேரத்துல அக்கா தங்கச்சி சண்டைக்கு நான் தூது போகணுமா?" என்று அவரும் வைத்துவிட்டார். சண்டையை அப்புறம் போடுவோம். இதை நின்ற இடத்திலேயே படி.

அப்பாவுக்கு அவமானமும் இல்லை, மூளைக் கோளாறும் இல்லை. அவருக்குச் சர்க்கரை இறங்குகிறது. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை என் ஊசி செய்கிற வேலையைத்தான் செய்கிறது. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் மண்வெட்டி பிடித்தால் யாருக்கும் இறங்கும். வியர்வை, கோபம், ஆள் தெரியாமல் போவது, சாப்பிட்டதும் சரியாவது எல்லாம் அதுதான். நீ அவரைப் பற்றி எழுதியதில் ஒரு வரிகூட விடாமல் நான் விருந்தில் பட்டது. நீயே எழுதியிருக்கிறாய், உனக்கே தெரியவில்லை!

அடுத்த தடவை அப்படி ஆனால் திட்டாதே, வாதாடாதே. நினைவு இருந்து, விழுங்க முடிகிறது என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ தேன் தண்ணீரோ பழச்சாறோ ஒரு டம்ளர் கொடு. கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார். தெளியவில்லை என்றால் இன்னொரு டம்ளர். தெளிந்த பிறகு சோறு. ஆள் மயங்கிவிட்டால் மட்டும் வாயில் ஒன்றும் ஊற்றாதே, புரையேறிச் செத்துப்போவார். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்சைக் கூப்பிடு. தெளிந்துவிட்டார் என்று தனியாக விட்டுவிட்டுப் போகவும் கூடாது. இந்த மாத்திரை உடம்பில் ரொம்ப நேரம் நிற்கும், மறுபடி இறக்கும். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. சாப்பிடாமல் மாத்திரை போட விடாதே.

என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை மட்டும் செய். உன் மாமியார் எதிரே இருந்தாலும் செய்.

இன்சுக்


யோங்யாங்
செப்டம்பர் 7

இன்சுக்,

உன் அவசரத் தபாலை வாங்கியதும் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். தபால்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் பிரித்தேன். படித்தேன். நம்பவில்லை. அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்தேன்.

நேற்றுக் காலை அப்பா தோட்டத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சம்பந்தியம்மாவுக்கு என்று புதுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒரு மூட்டை. முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தோம். மாமியார் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அப்பா மூட்டையை இறக்கினார். செருப்போடு மிளகாய் மேலேயே நடந்து வந்து அவர் எதிரே நின்றார்.

"சம்பந்தியம்மா! பதினெட்டு வருஷமா என் பொண்ணு மிளகாய் காயப்போடவே பொறந்தாளா? ஒரு நாள் அவ உட்கார்ந்து சாப்பிட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. சம்பந்தியிடம் குரலை உயர்த்தியே பேசாத மனிதர் அவர். மாமியார் எழுந்துவிட்டார். "காலங்காத்தாலயே அரிசிக்கள்ளா? உங்க குடும்பமே இப்படித்தானா?" என்றார். என் வீட்டுக்காரர் வந்து அப்பாவின் தோளைப் பிடித்தார். "வாங்க மாமா, உள்ள போய்ப் படுங்க. ஊர் பார்க்குது." அப்பா அவரைத் தள்ளினார்.

நான் கிட்டே போய் அப்பாவின் வாயை மோந்து பார்த்தேன், இன்சுக். மருமகன் எதிரே, மாமியார் எதிரே, நாய் மாதிரி மோந்து பார்த்தேன். கள் வாடை இல்லை. பிடரியைத் தொட்டேன், ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடித் தேனை வெந்நீரில் கரைத்து எடுத்து வந்தேன்.

"என்னது அது?" என்றார் மாமியார்.

"தேன், அத்தை. அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை. சர்க்கரை இறங்கிடுச்சு."

"சர்க்கரை வியாதிக்காரனுக்குத் தேனா? பைத்தியமாடி உனக்கு? என் வீட்டு முற்றத்துல ஆளைக் கொல்லப் பார்க்கிறியா?" கிண்ணத்தைப் பிடுங்கக் கை நீட்டினார். பாதி என் சட்டையில் கொட்டியது.

"கையை எடுங்க அத்தை!" என்றேன். கத்தினேன். என் வாழ்நாளில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் கையைத் தட்டியும் விட்டேன். தட்டிவிட்ட பிறகுதான், விருந்தில் நீ என் கையை எப்படித் தள்ளினாய் என்பது எனக்கு உறைத்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அப்பா, "நீ யாரு எனக்குக் கொடுக்க? குடிக்க மாட்டேன்" என்று வாயை இறுக்கிக்கொண்டார். "குடிங்கப்பா. குடிச்சுட்டுத் திட்டுங்க" என்றேன். ஏனோ அது அவருக்கு நியாயமாகப் பட்டது. குடித்தார். இரண்டாவது கிண்ணமும் கொடுத்தேன். மிளகாய்ப் பாய் மேலேயே அவரோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் நடுக்கம் நின்றது. பிறகு முகத்தில் ரத்தம் வந்தது. சுற்றிலும் பார்த்தார். "சம்பந்தியம்மா ஏன் நின்னுக்கிட்டு இருக்காங்க? கிழங்கு நல்லா இல்லையா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது மாமியார் கேட்டார், "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?"

சொன்னேன். "என் தங்கச்சி. பன்னெண்டு வயசுல இருந்து ஊசி போட்டுக்கிறா. அன்னிக்கு விருந்துல அவ குடிக்கல. இதேதான்."

"அப்போ பொண்ணு பார்க்க வந்தப்பவே எங்களை ஏமாத்தியிருக்கீங்க" என்றார் மாமியார். இன்று அவர் சோற்றை அவரே போட்டுக்கொண்டார். அவர் மகனும் வாயைத் திறக்கவில்லை. அப்பா என் அறையில் இருக்கிறார். நேற்றுப் போவதற்குள் சுகாதார நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள், இன்று ஞாயிறு; நாளை டாக்டரிடம் போகிறோம்.

சுனே


பூசான்
செப்டம்பர் 9

அக்கா,

அப்பா பிழைத்தார். தபால் போட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குச் சோறு இறங்காவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது உனக்குத் தெரியும்.

நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. அவர் உனக்கும் அப்பா. அழுகிற மாதிரி எழுதுவேன் என்றும் எதிர்பார்க்காதே. எனக்கு இன்னும் கோபம்தான். முன்பைவிட அதிகம். அப்பாவைக் குடிகாரர் என்று உன் மாமியார் சொன்னபோது உனக்கு எரிந்ததே, என்னை அப்படிச் சொன்னது நீ. வேறு யாருமில்லை.

இதையும் கேள். என் பள்ளியில் நான் குரலை உயர்த்தினால் போதும், தலைமையாசிரியை, "இன்சுக், மிட்டாய் சாப்பிடுறியா?" என்கிறார். சம்பளம் ஏன் குறைந்தது என்று கேட்டால் மிட்டாய். பிள்ளைகளின் அறையில் மழை ஒழுகுகிறது என்றால் மிட்டாய். எனக்கு நிஜமாகவே கோபம் வரக்கூடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நோய் தெரிந்தவர்களிடம் என் கோபம் நோய். தெரியாதவர்களிடம் என் நோய் திமிர். நான் எங்கே போய்க் கோபப்படுவது?

உன் மாமியார் கோபப்படுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மறைத்தீர்கள்தானே? அம்மா மறைத்தாள், நீ மறைத்தாய், நான் இருபத்தொரு வருடம் கழிப்பறைகளில் நின்று மறைத்தேன். எனக்குப் போதும். சூசோக்குக்கு வருகிறேன். எல்லோரும் உட்காரும் அதே பாயில் உட்கார்ந்து, சோறு கைக்கு வந்த பிறகு, எல்லோர் முன்னாலும் ஊசி போட்டுக்கொள்வேன். வேண்டாம் என்றால் இப்போதே எழுதிவிடு, அப்பாவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன்.

நீ யார் யாரிடம் என்னைக் குடிகாரி என்றாயோ அவர்களிடம் நீயே போய்ச் சொல். நான் வந்து சொல்லமாட்டேன்.

இன்சுக்


யோங்யாங்
செப்டம்பர் 12

இன்சுக்குக்கு,

சொன்னேன். பெரியம்மாவிடம், டேகூ சித்தப்பாவிடம், மளிகைக் கடைக்காரியிடம், காம்பு கிள்ள வரும் பெண்கள் எல்லோரிடமும். "குடிச்சிருந்தாலே தேவலையே" என்றாள் ஒருத்தி. மிளகாய்க் கூடையை அவள் காலடியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். கூலிக்கு வேறு ஆள் தேட வேண்டும்.

அப்பாவோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் சின்ன வயசு, கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "தனியா இருக்கிற எழுபது வயசு ஆளுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தீங்களே, சாப்பிடாம போட்டா என்ன ஆகும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு முன்னாடின்னு உறையிலயே எழுதியிருக்கே அம்மா" என்றார். "முன்னாடின்னு எழுதினீங்க. அப்புறம் சாப்பாடு வராட்டி என்னன்னு எழுதினீங்களா?" என்றேன். "அமைதியா இருங்க, ரத்த அழுத்தம் ஏறும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேள். நான் நியாயம் கேட்கிறேன், இந்த ஆள் எனக்கு வியாதி பார்க்கிறார்! வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன். கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார். அந்த மாத்திரையை நிறுத்தி வேறு எழுதிக் கொடுத்தார். விரல் குத்திப் பார்க்கும் மெஷினை எப்படிப் பிடிப்பது என்று என்னையும் அப்பாவையும் உட்கார வைத்துச் சொன்னார். வரிசையில் இருந்த இரண்டு கிழவர்கள் தங்கள் மாத்திரையை எடுத்து நீட்டி, "இதுவும் அதுதானா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று அவருக்கு.

மாமியார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மன்னித்துவிட்டார் என்று பொய் எழுதமாட்டேன். உன் கடிதத்தில் ஊசி பற்றி எழுதியிருந்ததை அவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "பாயில உட்கார்ந்தா?" என்றார். "பாயில உட்கார்ந்துதான்" என்றேன். "பேத்திக்குக் கல்யாணம் ஆகாம போனா உன் தங்கச்சி பொறுப்பா?" என்றார். "அதைச் சொல்லி வேண்டாம்கிற வீட்டுக்கு என் பொண்ணு போக வேண்டாம்" என்றேன். என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அம்மா, இன்சுக் வரட்டும்" என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் தன் அம்மாவை எதிர்த்துச் சொன்ன ஒரே வாக்கியம். மாமியார் எழுந்து போய்விட்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பா இப்போது எழுந்ததும் கஞ்சி குடித்துவிட்டுத்தான் வாசல் தாண்டுகிறார். போங் மாமா வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டு வந்தார். ஆனால் நேற்று என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் பெத்த பொண்ணு செத்துக்கிட்டு இருந்திருக்கா, நீ வாயிலிருந்து மிட்டாயைப் பிடுங்கியிருக்கே. நானும் மடியில விழுந்த மிட்டாயைப் பொறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மனுஷங்களா நாம?" என்று கத்தினார். வியர்த்திருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. திட்டத் திட்ட அவர் விரலைப் பிடித்துக் குத்திப் பார்த்தேன். நூற்று முப்பத்தாறு.

இறங்கவில்லை. அது அவருடைய சொந்தக் கோபம். மெஷினைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டி நின்று, முடியும்வரை கேட்டேன்.

உன்னுடையதையும் வந்து சொல். நின்று கேட்கிறேன்.

அக்கா